பூச்சி விழுந்த கல்

பெட்டியை உடைத்ததுமே சபீறா ராத்தா சொல்லிவிட்டா:
"இந்தக் கல்லில பூச்சி விழுந்திரிக்கி தம்பி,
மாத்திக் கொண்டு வாங்க."

கறுப்புக் கல். மொரோக்கோவிலிருந்து கொழும்புக்குக் கப்பல்,
கொழும்பிலிருந்து காத்தான்குடிக்கு வெங்காய லொறி.
நடுவில் வெள்ளையாய், ஒரு சாண் நீளத்தில்,
சீவின பென்சில் மாதிரி ஒன்று.
குறுக்கே கோடுகள். எண்ணினேன், இருபத்திமூன்று.

கடைக்காரர் வந்து விரலால் தேய்த்தார்.
"கறைதான். அசிட் போட்டாப் போயிரும்."
அசிட் போட்டோம். நுரைத்தது.
கல் மங்கியதே தவிர
அது போகவில்லை.

மறுகா அந்த ஏழு கல்லும்
என் மோட்டார் சைக்கிளில் கிரானுக்கு வந்தன.

அறுக்கும்போது நாறும் இந்தக் கல்.
தண்ணி ஊற்ற ஊற்ற, சில்லுக்கடியில்
கெட்ட முட்டை, மண்ணெண்ணெய்,
வாவி வற்றின நாளில் கரையில் காயும் சேறு,
எல்லாம் கொஞ்சம் கொஞ்சம்.
குகேந்திரன் மூக்கைப் பொத்துவான்.
நான் பொத்துவதில்லை.
நாற்பது கோடி வருசம் மூடிக் கிடந்த கடல்
ஒரு குளியலறை வாசலில்
என் முகத்துக்கு நேரே வாய் திறக்கிறது,
பொத்தினால் மரியாதையில்லை.

பேரைப் போனில் தேடினேன். வாயில் பிடிபடவில்லை.
கணவாயின் பழைய சொந்தம் என்று போட்டிருந்தது.
கணவாய் தெரியும்,
வாழைச்சேனையில் கிலோ என்ன விலை என்றும் தெரியும்.
ஓட்டுக் கணவாய் என்று நானே வைத்துக்கொண்டேன்.

சீமெந்துப் பைகளில் இப்போது நாற்பத்தொன்று.
ஒவ்வொன்றின் முதுகிலும் மார்க்கரால்:
ஏறாவூர், உதுமாலெவ்வை வீடு, குசினி மேடை.
கல்முனை, கலியாண மண்டபம், ஆண்கள் கழிவறை.
வந்தாறுமூலை, வங்கிப் படி, மூன்றாவது.
"கடலெண்டு ஒண்டிலயும் எழுதேல்லையே"
என்கிறாள் சுகிர்தா, பையை ஒதுக்கிக் கூட்டிக்கொண்டே.

ஒரு ஞாயிறு சுத்தியலோடு
குடும்பிமலைப் பக்கம் போனேன்.
உடைத்த கல்லெல்லாம் மினுங்கியது,
உள்ளே ஒன்றுமில்லை.
நம்ம பாறைக்கு நூறு கோடி வருசமாம்,
நிலத்தடியில் வெந்து புரண்டு வந்ததாம்,
அதில் பதிய அப்போது ஓடுள்ள உயிரே இல்லையாம்.
இதையெல்லாம் பிறகுதான் வாசித்தேன்.
அன்றைக்கு வந்தது ஒரு ஆமிக்காரன்.
என்ன தேடுகிறாய் என்று சிங்களத்தில் கேட்டான்.
கணவாய் என்றேன்.
சிரிக்கவில்லை. பையைத் திறக்கச் சொன்னான்.
நெடுநேரம் பார்த்துவிட்டுக்
கடல் கிழக்கே என்று கை காட்டினான்.

அந்த உயிர் வளர வளர
பின்னால் சுவர் வைத்துக்கொண்டு முன்னறைக்கு நகருமாம்.
விட்டுவந்த அறைகளில் காற்று.
அந்தக் காற்றால்தான் மிதந்ததாம்.
நானும் எண்ணிப் பார்த்தேன்:
வாகரை, பள்ளிக்கூட வகுப்பறை, தறப்பாள்,
மறுபடி வேறொரு வகுப்பறை…
எண்ணுவதை விட்டுவிட்டேன்.

மாசி மாதம் சபீறா ராத்தா போன் பண்ணினா.
"ஒரு கல்லு தப்பிப் போயிரிக்கி.
அலுமாரிக்குக் கீழ, பாதிதான் தெரியிது.
மத்தப் பாதி எங்க?"

என்னிடம்தான்.
என் சில்லு அறுத்த துண்டு, அகன்ற பக்கம்,
அது கடைசியாய்க் குடியிருந்த அறை.
கொண்டுபோய்த் தரையில் சேர்த்து வைத்தேன்.
கோடுகள் நேராய் வந்தன.
நடுவில் மூன்று மில்லிமீற்றர் மட்டும் இல்லை.
அது கழுவின தண்ணியோடு கானுக்குள்,
கானால் வாவிக்கு.

சம்மணங்கட்டி இருந்து பார்த்தா.
"கட்டாரில நான் துடைச்ச வீட்டிலயும்
இப்பிடி ஒண்டு கிடந்திச்சி.
மெடம் கறை எண்டா.
ஆறு வருசம் தேய்ச்சன் தம்பி."

பசை குழைக்கப் போனேன்.
வேண்டாம் என்றா.
ரெண்டு நாளைக்கு இப்படியே கிடக்கட்டும்.